பெட்டிக்குச் சளி பிடித்த காலை

சின்னப் பிள்ளைகளுக்கு ப்ளூஸ் இசை என்றால் என்ன என்று சொல்லித்தர, அத்தான் எந்தப் பள்ளியிலும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குவார்.

“இன்னைக்குக் காலைல இங்க யாரெல்லாம் அழுதீங்க?”

ஒரு கைகூட உயராது. பிள்ளைகள் டீச்சரைப் பார்ப்பார்கள். ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அத்தான் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தன் கையையே தூக்குவார். “நான் அழுதேம்ப்பா. சோப்பு கண்ணுல போயிருச்சு.” அவ்வளவுதான், பாதி அரங்கம் கையைத் தூக்கிவிடும். அழாதவர்கள்கூட அழுததாகச் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு அவர் கடலுக்கு அந்தப் பக்கம் பருத்திக் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்த்த கறுப்பு மக்களைப் பற்றிச் சொல்வார். “கஷ்டத்தை வாய்விட்டுச் சொன்னா அடி விழும். அதனால பாடினாங்க. பாட்டுக்கு யாரு அடிப்பா?” பிறகு விதிகளைச் சொல்வார். விதிகள் மூன்று. நம் கஷ்டத்தை ஒரு வரியில் சொல்ல வேண்டும். அதே வரியை இன்னொரு தடவை சொல்ல வேண்டும். மூன்றாவது வரியில் அதற்குப் பதில் வர வேண்டும்.

“ஏன் ரெண்டு தடவை?” என்று யாராவது கேட்பார்கள்.

“முதல் தடவை சொன்னா அது சேதி. ரெண்டாவது தடவை சொன்னாத்தான் பாட்டு.”

பிள்ளைகள் வரி கொடுப்பார்கள். என் பென்சிலை யாரோ கடிச்சு வச்சிருக்காங்க. எங்க அண்ணனுக்கு மட்டும்தான் ஜன்னல் சீட்டு. எனக்குப் பல் விழுந்துச்சு, நான் முழுங்கிட்டேன். எந்த வரியையும் மறுக்கக் கூடாது, ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்பது அத்தானின் கொள்கை. அக்கா அதை அப்படியே எடுத்துப் பாடுவாள். அவள் குரலில் போனால் விழுங்கிய பல்கூட ஒரு பெரிய இழப்பாகிவிடும். யாரோ தூரத்து ரயில் நிலையத்தில் கடைசி வண்டியைத் தவறவிட்டு நிற்பதுபோல இருக்கும். அத்தான் கிட்டாரை வாசித்துக்கொண்டே, கழுத்தில் மாட்டியிருக்கும் மவுத் ஆர்கனில் பதில் ஊதுவார். நான் பேஸ் என்ற அடிக்குரல் கிட்டாரை வாசிப்பேன்.

“ஏன் உங்க கிட்டார்ல நாலு கம்பிதான் இருக்கு?” என்று என்னைக் கேட்பார்கள்.

“மீதி ரெண்டை எலி தின்னுடுச்சு.”

ஆறு வருடங்களாக இந்த ஒரு நகைச்சுவைதான் என் பங்கு. மற்றபடி நான் செய்ய வேண்டியது நிற்காமல் இருப்பது. அக்கா வரியை மறக்கலாம், அத்தானுக்கு மூச்சு முட்டலாம், முன்வரிசையில் ஒரு பிள்ளை வாந்தி எடுக்கலாம். பேஸ் மட்டும், வரிக்கு நாலு தாளக்கட்டு என்று மூன்று வரிக்குப் பன்னிரண்டு படி ஏறி இறங்கி மறுபடி முதல் படிக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் மற்ற இருவருக்கும் கால் வைக்க இடமிருக்காது.

அக்காவும் அத்தானும் பிரிவது என்று முடிவாகி அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது.

என்ன காரணம் என்று இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குச் சொன்னார்கள். இரண்டையும் கேட்டால் இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அதனால் எனக்குக் கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை. அத்தான் என் வீட்டின் பின் அறைக்கு வந்துவிடுவது என்று ஏற்பாடு. பழைய நாற்காலிகளை எடுத்துவிட்டு ஒரு மெத்தை வாங்கிப் போட்டேன். பட்டாணிக்கு மட்டும் இப்போது சொல்ல வேண்டாம் என்றார்கள். பட்டாணி அவர்கள் மகள். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அந்த வருடத்தின் கடைசி நிகழ்ச்சி அவள் பள்ளியில்தான் என்று எப்போதோ தேதி கொடுத்தாகிவிட்டது. அவள் அதை நாட்காட்டியில் மூன்று நிறத்தில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அது முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துச் சொல்லிவிடலாம். பல வாரங்களில் அவர்கள் இருவரும் விவாதமில்லாமல் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

அத்தான் எங்கே இருப்பது, கிட்டார்கள் எங்கே இருப்பது, மற்ற பள்ளிகளுக்குப் போகும்போது யார் வண்டி ஓட்டுவது, எல்லாம் என்னை நடுவில் வைத்துப் பேசி முடித்திருந்தார்கள். பட்டாணி எங்கே இருப்பாள் என்ற இடம் வந்ததும் அக்கா எழுந்துபோய்த் துணி காயப்போடுவாள். அத்தான் கம்பியை முறுக்க ஆரம்பிப்பார். “அதை அப்புறம் பேசிக்கலாம்டா.” இருவருக்கும் அவள் வேண்டும். இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லப் பயந்தார்கள். ஐந்து வாரமாக அந்தப் பேச்சு ‘அப்புறம்’ என்ற இடத்திலேயே நின்றிருந்தது.

அத்தானின் துணிமணிகளை அவள் கண்ணில் படாமல் என் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். சூட்கேஸ் எடுத்தால் கேள்வி வரும். எங்கள் மூளையில் ஒரு யோசனை உதித்தது. அத்தானின் கிட்டார் பெட்டி, அதாவது கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்கும் ஸ்பீக்கர் பெட்டி, பின்பக்கம் பலகை இல்லாமல் திறந்திருக்கும் ரகம். உள்ளே ஒயர்ச் சுருள் வைக்கும் அளவுக்கு இடம் உண்டு. அந்தப் பெட்டி தினமும் வீட்டுக்கும் வண்டிக்கும் போய் வருவதுதான். அதை யார் கவனிக்கப்போகிறார்கள்? ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் நாலைந்து சட்டை அதற்குள் அடைபட்டு என் வீட்டுக்கு வந்தன. ஒலிபெருக்கியோடு வளர்ந்த ஒரு பிள்ளையிடமிருந்து எதையாவது ஒளித்துவைக்க நினைத்து, அதை ஒலிபெருக்கிக்குள்ளேயே வைத்த அறிவாளிகள் நாங்கள் மூன்று பேர்.

சட்டைகளை மடித்துக் கொடுத்தது அக்காதான். இஸ்திரி போட்டு, காலர் நிமிர்த்தி, பட்டன் போட்டு.

“போறவருக்கு எதுக்குக்கா இஸ்திரி?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“கசங்கிடும்டா” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் பட்டாணி எனக்கும் பேஸ் பைக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தாள். முன் இருக்கையில் அக்காவும் அத்தானும். அந்த நாட்களில் அவர்கள் நேராகப் பேசிக்கொள்வதில்லை. “அடுத்த வளைவுல திரும்பணும்னு சொல்லுடா” என்பாள் அக்கா, அத்தானின் தோளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு. “கேட்டுச்சுன்னு சொல்லு மச்சான்” என்பார் அத்தான். நான் பின்னாலிருந்து இரண்டையும் சொல்வேன். தபால்காரனுக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு.

“மாமா, இன்னைக்கு நான்தான் உங்களையெல்லாம் அறிமுகம் பண்ணப்போறேன். உன்னை என்னன்னு சொல்லட்டும்?”

“உலகப் புகழ் பெற்ற…”

“பொய் சொல்லக் கூடாது. ‘எங்க மாமா, நிக்காம வாசிப்பார்’ அப்படின்னு சொல்றேன்.”

அரங்கம் என்பது அவர்கள் உடற்பயிற்சி செய்யும் கூடம்தான். சுவரோரம் மடித்து வைத்த பாய்கள், மேலே கயிறு கட்டிய வளையங்கள், தரையில் எந்த விளையாட்டுக்கு எது என்று புரியாத பல நிறக் கோடுகள். ஹெட்மிஸ் வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார்.

“சின்னக் குழந்தைங்க சார். சோகமா எதுவும் வேண்டாம். ஜாலியா பாடுங்க.”

“ஜாலியாத்தான் மேடம் இருக்கும். சோகத்தையே ஜாலியா பாடுவோம்.”

“அதான் வேண்டாங்கறேன்.”

ஒயர்களை மாட்டி, அத்தான் கிட்டாரைத் தட்டிப் பார்த்தார். ஒலி சரியில்லை. வழக்கமாக வெட்டிய கரும்புபோல விறைப்பாக வரும் ஒலி, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல வந்தது. அத்தான் ஒரு திருகைத் திருகினார், இன்னொன்றைத் திருகினார். பிறகு என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமை நிகழ்ச்சி முடிந்து பெட்டியை நான் என் வீட்டில் காலி செய்திருக்க வேண்டும். தலைவலி என்று படுத்துவிட்டேன். காலையில் வண்டியில் ஏற்றும்போதும் ஞாபகம் வரவில்லை.

“பெட்டிக்குச் சளி பிடிச்சிருக்கு” என்றாள் பட்டாணி.

நாங்கள் யாரும் அசைவதற்குள் அவள் பெட்டியின் பின்னால் போய்க் குந்தி, உள்ளே கையை விட்டுவிட்டாள். எங்கள் வீட்டுப் பிள்ளை. ஒலி சரியில்லை என்றால் முதலில் ஒயரைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். குனிந்து எட்டிப் பார்த்தாள், கை உள்ளே சற்று நேரம் இருந்தது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்தது.

அவள் அப்பாவையோ அம்மாவையோ பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“உள்ள என்ன மாமா துணி?”

“அது… சத்தத்தைக் குறைக்க வச்சது பட்டாணி. சின்னப் பசங்க இல்லையா, காது வலிக்கக் கூடாதுல்ல?”

“அப்ப வால்யூமைக் குறைக்க வேண்டியதுதான?”

அதற்குள் கதவு திறந்தது. ஒன்றாம் வகுப்பு வரிசையாக உள்ளே வந்தது. ஒரு கை முன்னால் போகிறவர் தோளில், பேசாமல் வருவதற்காக இன்னொரு கை விரல் வாயில். இனி இருநூறு பிள்ளைகள் முன்னால் ஒரு பெட்டியைத் திருப்பி அதிலிருந்து சட்டைகளை எடுக்க முடியாது. அத்தான் ஒலியைக் கொஞ்சம் கூட்டினார். அக்கா மைக்கின் உயரத்தைச் சரிசெய்வதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

பட்டாணி எங்களை அறிமுகம் செய்தாள். நான் நிற்காமல் வாசிப்பவன் என்று அவள் சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள்.

நிகழ்ச்சி நன்றாகத்தான் போனது. அத்தான் கேள்வி கேட்டார், சோப்புக் கதை சொன்னார், கைகள் உயர்ந்தன. ஒரு பையன், ‘என் ஷூ ரெண்டும் ஒரே கால் ஷூ’ என்று வரி கொடுத்தான். காட்டினான், உண்மைதான். இருநூறு பேர் கைதட்டி அதை இரண்டு தடவை பாடினார்கள். ‘எங்க மிஸ் சிரிச்சா மூக்கு மட்டும்தான் சிரிக்கும்’ என்று ஒரு பெண் கொடுத்தாள். அந்த மிஸ் முகத்தை மூடிக்கொண்டார். ஹெட்மிஸ்கூட பின்னால் சுவரில் சாய்ந்து தாளத்துக்குத் தலையாட்ட ஆரம்பித்திருந்தார். பாட்டு நேரில் நடக்கும்போது இப்படி ஒரு கணம் வரும். கூடம் தரையைவிட்டுக் கொஞ்சம் மேலே எழும்பி மிதப்பதுபோல இருக்கும். ஜன்னலுக்கு வெளியே நகரம் இருக்கிறதா என்று சந்தேகம் வரும். அந்தக் கணத்துக்காகத்தான் ஆறு வருடமாக இந்த வண்டியில் இந்தப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

அப்போது பட்டாணி கையைத் தூக்கினாள்.

எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வரி கொடுக்கும் முறை கிடையாது. வீட்டில் எத்தனையோ தடவை கொடுத்தவள், மற்றவர்களுக்கு விட வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டிவந்தோம். அத்தான் அவளைத் தாண்டிப் பின்வரிசையைப் பார்த்தார். அவள் வகுப்பு சும்மா விடவில்லை.

“சார், அவ சார்! அவளுக்குக் குடுங்க சார்!”

“அவ எங்க வீட்டுலயே பாடுவா. நீங்க யாராவது சொல்லுங்க.”

“அவ உங்க பொண்ணு சார்!”

“அதனாலதான்ப்பா.”

“அநியாயம் சார்!”

டீச்சர்கள் சிரித்தார்கள். கொள்கைப்படி எந்தக் கையையும் மறுக்கக் கூடாது. அத்தான் தோளைக் குலுக்கி, “சரி, மேடம் சொல்லுங்க” என்றார். வீட்டுப்பாடத்தைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைக்க முயன்றேன். என் விரல்கள் முதல் படியில் இருந்தன.

பட்டாணி எழுந்து, பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

“அப்பா சட்டையெல்லாம் பெட்டிக்குள்ள இருக்கு.”

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது. சட்டை பெட்டிக்குள் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? எல்லா வீட்டிலும் அங்கேதான் இருக்கிறது. அதுவும் ஒரு கஷ்டமா? ஆனால் வரியில் நல்ல தாளம் இருந்தது. பிள்ளைகள் அதற்குள் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா பாட வேண்டும். மைக் அவள் கையில்தான் இருந்தது. அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பேஸ் இரண்டாவது சுற்றுக்கு வந்தபோது பாடினாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

அப்பா சட்டையெல்லாம் பெட்டிக்குள்ள இருக்கு.

இருநூறு வாய்கள் அதை வாங்கிக்கொண்டன. மறுபடியும் அக்கா. மறுபடியும் இருநூறு பேர். அவள் அன்றுபோல் பாடி நான் கேட்டதில்லை. அவள் எதையும் சேர்க்கவில்லை, இழுக்கவில்லை, வெறும் வரியைப் பாடினாள். இரண்டாவது தடவை சொன்னால்தான் பாட்டு என்று அத்தான் சொல்வதை நான் ஒரு நல்ல வாசகமாக மட்டுமே இதுவரை எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது படி வந்தது. அங்கே பதில் வர வேண்டும். அத்தான் மவுத் ஆர்கனில் வாயை வைத்தார். காற்றுதான் வந்தது, இசை வரவில்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மூன்றாவது வரியின் இடம் காலியாகவே கடந்துபோனது. பேஸ் திரும்ப முதல் படிக்கு வந்தது.

பாட்டு முடியவில்லை என்றால் மறுபடி தொடங்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு நாங்களே சொல்லியிருந்தோம். அவர்கள் அக்காவுக்குக் காத்திருக்காமல் தாங்களே தொடங்கினார்கள். அப்பா சட்டையெல்லாம். மறுபடி ஒன்பதாவது படி. மறுபடி காலி.

பட்டாணி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் எல்லாரும் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்க, நடுவில் அவள் மட்டும் நேராக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தாள். என் முன்னால் மைக் இல்லை. இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? நிறுத்த மட்டும் என்னால் முடிந்திருக்கும். வலது கையைக் கம்பியிலிருந்து எடுத்திருந்தால் போதும். அந்த ஒன்றைத்தான் என் கை அறியாது. அது மூன்றாவது முறையாக ஏறத் தொடங்கியது. தன் வீடு எரிகிறது என்று ஒருவன் வந்து சொல்லும்போதும் இறங்க முடியாத ராட்டினத்தில் உட்கார்ந்திருப்பதுபோல நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை ஒன்பதாவது படியில், முன்வரிசையில் ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் பொறுமை இழந்து எழுந்து கத்தினான்.

“எடுத்துப் போட்டுக்கோ, குளிரப் போகுது!”

கூடமே கூத்தாடியது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். எடுத்துப் போட்டுக்கோ, குளிரப் போகுது! அந்தப் பொடியனைப் பக்கத்திலிருந்தவர்கள் முதுகில் தட்டினார்கள். பாட்டுக்குப் பதில் கிடைத்துவிட்டது. பாட்டு முடிந்தது. டீச்சர்கள் கைதட்டினார்கள். பட்டாணி உட்கார்ந்தாள். அவள் மட்டும் அந்த வரியைப் பாடவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து வாத்தியங்களைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். அன்று யாரும் கிட்டாரைக் கேட்கவில்லை.

“சார், சட்டையைக் காட்டுங்க சார்.”

“எந்தச் சட்டை?”

“பெட்டிக்குள்ள இருக்கற சட்டை.”

“அதெல்லாம் சும்மா பாட்டுப்பா” என்றார் அத்தான்.

ஆறு வருடத்தில் அவர் ஒரு பிள்ளையின் வரியைப் பொய் என்று சொன்னது அன்றுதான். சொன்ன உடனே அவர் முகம் மாறியது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு பட்டாணி வந்தாள்.

“பாட்டுல பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானப்பா சொன்ன?”

அவள் பெட்டியின் பின்னால் போனாள். கையை விட்டாள். நீலச் சட்டை வந்தது. காலர் நிமிர்ந்து, பட்டன் எல்லாம் போட்டு, புத்தகம்போல மடித்தது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். கோடு போட்டது வந்தது. வெள்ளை வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் அடுக்கினாள்.

“மேஜிக்கும் பண்ணுவீங்களா?” என்றார் வகுப்பு டீச்சர் சிரித்துக்கொண்டே. “சொல்லவே இல்லை!”

அக்கா ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடி சுற்றினாள்.

கடைசிச் சட்டையை என் கையில் வைத்துவிட்டுப் பட்டாணி கிட்ட வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள். “உன் வீட்டுக்கா மாமா?”

நான் தலையை அசைத்தேன்.

“எப்பவுமா?”

மறுபடியும் அசைத்தேன். அவள் அழவில்லை. கணக்குப் போடும்போது செய்வதுபோலப் புருவத்தைச் சுருக்கினாள்.

“அப்ப என் டிரெஸ் எங்க இருக்கும்?”

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் அக்காவைப் பார்த்தார். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அக்காவும் அவரை நேராகப் பார்த்தாள். இரண்டு பேர் வாயும் திறந்தது. இரண்டும் அப்படியே இருந்தது.

“தெரியல பட்டாணி” என்றேன் நான். அன்று காலையிலிருந்து நான் அவளிடம் வாயால் சொன்ன ஒரே உண்மை அது. அதைவிட ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றும் அளவுக்கு அவள் முகம் சின்னதாகிவிட்டது.

மணி அடித்தது. அடுத்த வகுப்புக்குக் கூடம் வேண்டும். “செகண்ட் ஸ்டாண்டர்ட், லைன்!” என்றார் டீச்சர். பட்டாணி போய் வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற பெண்ணின் தோளில் ஒரு கை, வாயில் ஒரு விரல். அத்தான் இரண்டடி எடுத்துவைத்தார். “மிஸ், ஒரு நிமிஷம்…”

“சாயங்காலம் பேசிக்கலாம் சார், டெஸ்ட் இருக்கு.”

வரிசை நகர்ந்தது. வாயில் விரல் வைத்த பிள்ளையிடம் யார் என்ன பேச முடியும்? அவள் கதவைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது.

பள்ளி விட இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டிகளை ஏற்றிவிட்டு, பள்ளி வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தோம். சட்டைகள் என் மடியில் இருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“அவகிட்ட நீ சொல்லு” என்றாள் அக்கா. என் வழியாக இல்லாமல் அத்தானிடம் நேராகவே சொன்னாள்.

“என்னன்னு சொல்ல?”

“எங்க இருப்பான்னு.”

“எங்க இருப்பா?”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். “வாரத்துல பாதி நாள்…” என்று ஆரம்பித்தாள்.

“பாதின்னா எந்தப் பாதி?” என்றார் அத்தான். சண்டைக்குக் கேட்டதுபோல இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டதுபோல இருந்தது. “ஸ்கூல் பாதியா, லீவு பாதியா? அவளுக்கு ஜுரம் வந்தா அது எந்தப் பாதில வரும்?”

“அவளையே கேட்போமா?”

“ஏழு வயசுப் பிள்ளைகிட்ட, அம்மா வேணுமா அப்பா வேணுமான்னா?”

“அப்ப நீயே ஒண்ணு சொல்லு!”

“சொல்லத் தெரிஞ்சா அங்கேயே ஊதியிருக்க மாட்டேனா?”

வெயில் வண்டிக் கண்ணாடியில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்தது. எதிர்க் கடைக்காரர் வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பல தடவை வாயெடுத்தேன். அக்காவின் தம்பியாகச் சொல்வதா, அத்தானின் மச்சானாகச் சொல்வதா, மாமாவாகச் சொல்வதா என்று யோசிப்பதற்குள் சொல்ல வந்தது கரைந்துவிடும்.

மூன்றரைக்கு மணி அடித்தது. கேட் திறந்தது.

முதலில் பாட்டுத்தான் வெளியே வந்தது. அப்பா சட்டையெல்லாம் பெட்டிக்குள்ள இருக்கு! பத்துப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு வந்தார்கள். பின்னால் இன்னும் இருபது பேர். அழைத்துப்போக வந்த அம்மாக்களும் அப்பாக்களும், இது என்ன புதுப் பாட்டு என்று சிரித்தார்கள். ஒரு அப்பா தன் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூடவே பாடினார். ஆறு வருடத்தில் நாங்கள் பாடிய எந்த வரியும் கேட்டைத் தாண்டியதில்லை. இந்த ஒன்றுதான் தாண்டியது.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே பட்டாணி தனியாக நடந்து வந்தாள். யாரும் இறங்கிப்போய் அழைக்கவில்லை. அவளே கதவைத் திறந்து ஏறி, எனக்கும் பேஸ் பைக்கும் நடுவில் உட்கார்ந்தாள். என் மடியிலிருந்த சட்டைகளைப் பார்த்தாள். பையைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முன் இருக்கையில் இரண்டு தலைகளும் திரும்பின.

“பட்டாணி…” என்றாள் அக்கா.

“பட்டாணிம்மா…” என்றார் அத்தான், அதே நேரத்தில்.

இரண்டு பேரும் மற்றவருக்காக நிறுத்திக்கொண்டார்கள். அவள் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் பார்த்துக் காத்திருந்தாள். வெளியே வரி இரண்டாவது தடவையும் முடிந்து, எடுத்துப் போட்டுக்கோ என்று நூறு குரல்கள் கூவின.

“வண்டியை எடு” என்றாள் அக்கா கடைசியில்.

அத்தான் சாவியைத் திருகினார். வண்டி உறுமியது, ஆனால் போக வழியில்லை. பிள்ளைகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் எங்கள் வண்டிக்கு நேரே நடுச் சாலையில் நின்று, உள்ளங்கையை எங்கள் பக்கம் காட்டித் தடுத்திருந்தார். அவர் வாயும் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஒரு வரிசை கடந்து முடிந்தது என்று நினைத்தால் கேட்டிலிருந்து இன்னொரு வரிசை வந்தது. நாங்கள் நாலு பேரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.